ஃபைபர் மாற்றிய பிறகு வெளியிலிருந்து டேலி வரவில்லை: சின்ன அலுவலக ரூட்டரில் நாட் செய்யும் வேலை

தம்பி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். ஒன்பது கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், நான்கு கேமராவின் காட்சிகளைப் பதிவுசெய்ய டிவிஆர் என்ற ஒரு பெட்டி, அப்புறம் எல்லோருடைய கைப்பேசிகள். போன மாதம் பழைய இணைப்பை எடுத்துவிட்டு வேறொரு ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறீர்கள். அவர்கள் கொடுத்த ஃபைபர் மோடத்திலிருந்து உங்கள் பழைய ரூட்டருக்கு ஒயர் போகிறது. உள்ளே நெட் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஆடிட்டர் சார் லாசுப்பேட்டை வீட்டிலிருந்து டேலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கும் கம்ப்யூட்டரை ரிமோட்டில் திறக்க முடியவில்லை, கேமராவும் தெரியவில்லை. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பழையபடியே இருக்கிறது. 'ரூட்டரில் நாட் வசதியை (நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன், அதாவது முகவரி மாற்றம்) ஆஃப் செய்துவிட்டால் சரியாகுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆஃப் செய்யாதீர்கள். செய்தால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் நெட்டும் நின்றுவிடும். வெளியிலிருந்து வர முடியாததற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், நாட் என்ன வேலை பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் இந்தப் பிரச்சினை மட்டுமல்ல, அலுவலக நெட்டில் பின்னால் வரப்போகிற பாதிப் பிரச்சினைகளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அரசு அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே 'ந.க.எண்' என்று ஓர் எண் இருக்கும், அதோடு அ3, இ2 என்று பிரிவின் குறியும் ஒட்டியிருக்கும். கடிதம் போவது அலுவலகத்தின் பெயரில், ஒரே முகவரியிலிருந்து. உள்ளே எந்த எழுத்தர் எழுதினார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அவர் பதில் எழுதும்போது 'பார்வை' என்று போட்டு அந்த ந.க.எண்ணைக் குறிப்பிடுவார். பதில் வந்ததும் தபால் பிரிவில் இருப்பவர் எண்ணைப் பார்ப்பார், பதிவேட்டைப் புரட்டுவார், அ3 மேசைக்கு அனுப்பிவிடுவார்.

நாட் செய்வது அச்சாக இதேதான். உள்ளே இருக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கு 192.168.10.21 என்று ஓர் எண் இருக்கிறது என்று வையுங்கள். அது உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் செல்லும் எண். அந்தக் கம்ப்யூட்டர் ஜிஎஸ்டி தளத்தைத் திறக்கும்போது தனக்கென ஒரு போர்ட் எண்ணை (இது எந்தப் பேச்சு என்று அடையாளம் காட்டும் எண்) போட்டுக்கொள்ளும், 51544 என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் அனுப்பும் தகவல் பொட்டலத்தை (பாக்கெட் என்பார்கள்) ரூட்டர் வாங்கி, அனுப்புநர் இடத்தில் இருந்த 192.168.10.21-ஐ அடித்துவிட்டுத் தன் வெளி எண்ணை எழுதும். கூடவே தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளும்: உள்ளே 192.168.10.21, போர்ட் 51544, வெளியே 203.0.113.25, போர்ட் 51544. போவது இன்ன தளத்தின் 443 என்ற போர்ட்டுக்கு. வேறொரு கம்ப்யூட்டரும் தற்செயலாக அதே 51544-ஐ வைத்துக்கொண்டு அதே தளத்துக்குப் போனால், இரண்டாவதற்கு ரூட்டர் வேறு எண் போட்டுக் கொடுக்கும். பதில் வரும்போது வரியைப் பார்த்து, மறுபடி முகவரியை மாற்றி, சரியான மேசைக்கு அனுப்பும். (203.0.113 என்று தொடங்கும் எண்கள் எடுத்துக்காட்டு எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. யாருடைய ரூட்டரையும் நான் இங்கே காட்டிக்கொடுக்கவில்லை.)

தபால் பிரிவுக்கும் ரூட்டருக்கும் ஒரே ஒரு வித்தியாசம் இருக்கிறது, உங்கள் பிரச்சினை அங்கேதான். பார்வை எண் இல்லாமல் புதிதாக ஒரு கடிதம் வந்தால் அலுவலகத்தில் மேலாளரிடம் வைப்பார்கள், அவர் யாருக்காவது குறிப்பெழுதி அனுப்புவார். ரூட்டருக்கு அந்த மேலாளர் கிடையாது. பதிவேட்டில் வரி இல்லாத பொட்டலம் வந்தால் அப்படியே கீழே போட்டுவிடும். அனுப்பியவருக்கு 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்ற பதில்கூடப் பெரும்பாலும் போகாது. போர்ட் ஃபார்வர்டிங் என்று நீங்கள் செய்து வைத்திருப்பது அந்த மேலாளரின் நிரந்தர உத்தரவு: 'இன்ன போர்ட்டுக்கு யார் எழுதினாலும் டேலி மேசைக்கு அனுப்பு.'

அந்த உத்தரவு உங்கள் ரூட்டரில் இன்னும் அப்படியே இருக்கிறது. கடிதம்தான் உங்கள் ரூட்டர் வரைக்கும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். இந்த எண்களை ஐபி முகவரி என்பார்கள். இன்னும் பரவலாக இருக்கும் அதன் நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட். மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகத்துக்கு இது போதாது என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் நாட் என்ற யோசனை ஆவணமாக வந்தது. 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் எண்களை யாரும் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற இப்போதைய ஒதுக்கீடு 1996 பிப்ரவரியில் உறுதியானது. அதனால்தான் உங்கள் அலுவலகத்திலும் என் வீட்டிலும் ஒரே 192.168.1.1 இருக்கிறது, சண்டையும் வருவதில்லை. இந்த ஏற்பாடு நிறைய நாள் தாங்கியது. ஆனாலும் 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுப்புகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. இதற்குப் பிறகு வளர்ந்த இணைப்பு நிறுவனங்கள் என்ன செய்யும்? அவர்களும் தங்கள் பக்கத்தில் ஒரு பெரிய நாட் வைத்தார்கள். ஒரு பொது எண்ணுக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்கள். அதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களைத் தனியாக ஒதுக்கினார்கள்.

ஆக உங்கள் கடிதம் இப்போது இரண்டு, சில இடங்களில் மூன்று தபால் பிரிவுகளைக் கடக்கிறது. நிரந்தர உத்தரவு உங்கள் கடைசிப் பிரிவில் மட்டும் இருக்கிறது. முன்னால் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

இது ஊகமாக இருக்க வேண்டாம், இரண்டு நிமிடத்தில் சோதித்துவிடலாம். அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உங்கள் ரூட்டரின் பக்கத்தைத் திறங்கள். நிலவரப் பக்கத்தில், வெளிப்பக்கத் துளைக்கு (வேன் போர்ட் என்பார்களே, மற்ற நான்கிலிருந்து நிறம் மாறி இருக்கும் அந்தத் துளை) என்ன ஐபி வந்திருக்கிறது என்று பாருங்கள். அதைத் தாளில் எழுதுங்கள். அப்புறம் அதே கம்ப்யூட்டரில் கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடி, வெளியுலகம் காட்டும் எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். புள்ளிகளோடு நான்கு பகுதியாக வரும் எண்ணைத்தான் எழுத வேண்டும். நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்து வந்தால் அது ஆறாம் பதிப்பு முகவரி, அதை இப்போதைக்கு விடுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் நடுவில் வேறு நாட் இல்லை, கோளாறு வேறு. எண் மாறியிருப்பதைக் கவனிக்காமல் ஆடிட்டர் சார் இன்னும் பழைய எண்ணுக்கே அழைத்துக்கொண்டிருக்கலாம், அல்லது டேலி கம்ப்யூட்டருக்கு உள்ளே வேறு எண் வந்திருக்கலாம். ஃபார்வர்டிங் செய்கிற கம்ப்யூட்டருக்கு உள் எண்ணை ரூட்டரிலேயே நிரந்தரமாகக் கட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் அந்த எண் பிரிண்டருக்குப் போய்விடும், வெளியிலிருந்து வருபவர்கள் பிரிண்டரின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் ரூட்டர் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் எண்ணைக் காட்டினால், ஃபைபர் மோடமும் ஒரு ரூட்டராக வேலை செய்கிறது, நாட் இரட்டிப்பாகிவிட்டது என்று அனேகமாகச் சொல்லிவிடலாம். (சில இணைப்புகளில் 10 என்று தொடங்கும் எண் நிறுவனம் வைத்திருக்கும் நாட் பெட்டியிலிருந்தே வருவதும் உண்டு. மோடத்தின் நிலவரப் பக்கத்தையும் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.) இங்கே இன்னொரு தொல்லையும் ஒளிந்திருக்கும். மோடமும் 192.168.1.1, உங்கள் ரூட்டரும் 192.168.1.1 என்று இருந்தால், உள்ளே எது வெளியே எது என்று ரூட்டருக்கே தெரியாமல் போகும். சில ரூட்டர்கள் தானாக எண்ணை மாற்றிக்கொள்ளும், சில மாற்றாமல் திணறும். உங்கள் பக்கத்தை 192.168.37 போல யாரும் சட்டென்று வைக்காத ஓர் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். ஆடிட்டர் சார் வீட்டு எண்ணும் அலுவலக எண்ணும் ஒரே வரிசையில் இருந்தால் பின்னால் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்டுக்குள் வரும் பூட்டிய தனி வழி) போடும்போதும் இதே குழப்பம் வரும், அதனால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

இரட்டை நாட் பிரச்சினைக்கு நான் விரும்பும் தீர்வு, மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்வது. அப்போது மோடம் வெறும் ஒளியை ஒயராக்கும் பெட்டி ஆகிவிடும். யூசர் பெயர், பாஸ்வேர்டு போட்டு இணைப்பை உங்கள் ரூட்டரே எடுக்கும். சேவை மையத்தில் கேட்டு அந்த யூசர் பெயரையும், விலான் எண் (அவர்கள் இணைப்புக்கு வைத்திருக்கும் குறி எண்) இருந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மாற்றுங்கள். முதலில் மாற்றிவிட்டுப் பிறகு கேட்டால் அன்று முழுக்க அலுவலகத்தில் நெட் இருக்காது. மாற்றிய பிறகு சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கினால் பயப்பட வேண்டாம். யூசர் பெயர் போட்டு எடுக்கும் இந்த முறையில் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு 1500-இலிருந்து 1492 பைட்டாகக் குறைகிறது. ரூட்டரில் எம்டியு என்ற இடத்தில் 1492 இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் ரூட்டரோ, பிரிட்ஜ் செய்யாத மோடமோ 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஓர் எண்ணைக் காட்டினால், நாட் நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கிறது. அங்கே உங்கள் கை போகாது. போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை அழித்து எழுதினாலும் பயன் இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் உங்களுக்கு இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஸ்டேடிக் ஐபி (உங்களுக்கே உரிய, மாறாத பொது எண்) தனியாகக் கட்டணம் கட்டி வாங்கலாம், பல நிறுவனங்கள் கொடுக்கின்றன.

ஆனால் வாங்கியதும் பழைய ஃபார்வர்டிங்கை அப்படியே உயிர்ப்பிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டும் என்று அவசரப்பட்ட நேரம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையின் கணக்கு அலுவலகத்துக்கு நான்தான் நெட் பார்த்துக் கொடுத்தேன். ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் 3389. அதை அப்படியே திறக்கக்கூடாது என்று தெரிந்து, வெளியே 33891 என்று மாற்றித் திறந்து வைத்தேன். எண்ணை மாற்றிவிட்டோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆறு வாரம் கழித்து ஒரு திங்கள்கிழமை காலை அங்கிருந்து போன். போய்ப் பார்த்தால் டேலி ஃபோல்டரில் இருந்த ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஒரு வால். டெஸ்க்டாப்பில் ஒரு குறிப்பு, பணம் கேட்டு. பேக்கப் அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் இருந்தது, அதுவும் பூட்டப்பட்டிருந்தது. எப்போதும் செருகியபடியே கிடந்த வெளி ஹார்டு டிஸ்க்கும் அதேபோல. ஜிஎஸ்டி தாக்கலுக்காக அவர்களுடைய ஆடிட்டரிடம் கொடுத்திருந்த பென் டிரைவ் ஒன்றுதான் மிஞ்சியது. அதற்குப் பிறகான 23 நாள் கணக்கை அங்கிருந்த அம்மா ஒருவர் பில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசித்துக் கொடுத்தேன். அந்தப் போர்ட்டைத் திறந்தவன் நான்.

எண்ணை மாற்றினால் ஒளிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஜீமேப் என்ற கருவி, நல்ல வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து, உலகின் நான்காம் பதிப்பு முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். உங்கள் வாசலைத் தேடி யாரும் மஞ்சக்குப்பத்துக்கு வரவேண்டியதில்லை. எல்லா வாசலையும் தட்டிக்கொண்டே போகிறார்கள், திறந்திருப்பது தெரிந்துவிடுகிறது. கேமராவும் அப்படித்தான். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், டிவிஆர்களிலும் கேமராக்களிலும் தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டுகள் 60-க்கும் மேல் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்காமல் போனதற்குக் காரணம் அப்படிப் பிடிபட்ட பெட்டிகளின் படைதான்.

நாட் இருப்பதே பாதுகாப்பு என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெளியிலிருந்து தானாக வருவதைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் ஒருவர் தவறான இணைப்பு ஒன்றைத் திறந்து, அந்தக் கம்ப்யூட்டர் தானே வெளியே போய்ப் பேசத் தொடங்கினால், பதிவேட்டில் ஒழுங்காக ஒரு வரி விழும், பதிலும் ஒழுங்காக உள்ளே வரும். நாட் வைத்திருப்பது பதிவேடு. பூட்டு வேண்டுமானால் ஃபயர்வால் தனியாகப் போட வேண்டும்.

சரி, என்ன செய்வது? டேலிக்கு விபிஎன் போடுங்கள். எனக்குப் பிடித்தது வயர்கார்டு. உங்கள் ரூட்டரில் அந்த வசதி இருந்தால் அதிலேயே, இல்லையென்றால் எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில். ஸ்டேடிக் ஐபி வாங்கினால் 51820 என்ற ஒரே ஒரு யுடிபி போர்ட்டை மட்டும் திறந்தால் போதும். சாவி இல்லாமல் தட்டுபவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது, அங்கே ஒரு வாசல் இருக்கிறது என்றே தெரியாது. உள்ளே வந்த பிறகு ஆடிட்டர் சார் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதுபோல 192.168.37.21 என்று போட்டே டேலி கம்ப்யூட்டருக்குப் போகலாம்.

ஸ்டேடிக் ஐபி வாங்க மனமில்லை என்றாலும் வழி இருக்கிறது. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளில் இரண்டு பக்கமும் வெளியே போய் ஒரு பொது இடத்தில் அறிமுகமாகிக்கொள்ளும். வெளியே போவதால் இரண்டு பக்கத்துப் பதிவேட்டிலும் வரி விழுகிறது, பிறகு அந்த வரிகளின் வழியே ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளும். நேராக முடியாவிட்டால் நடுவில் இருக்கும் அந்தச் சேவையின் சர்வர் பொட்டலங்களைப் பெற்று மறுபக்கத்துக்கு அனுப்பும். ஒன்பது பேர் அலுவலகத்துக்கு நான் முதலில் இதைத்தான் போட்டுப் பார்ப்பேன். வெறும் டேலி அறிக்கைகளைப் பார்த்தால் போதும் என்றால், டேலியிலேயே டேலி.நெட் யூசர் வழியாகத் தொலைவிலிருந்து திறக்கும் வசதி உண்டு. சந்தா நடப்பில் இருக்க வேண்டும்.

கேமராவுக்குப் போர்ட் எதுவும் திறக்க வேண்டாம். விபிஎன் வழியாகவே பார்க்கலாம். முடியாதென்றால் டிவிஆர் தானே வெளியே போய்ப் பதிவுசெய்துகொள்ளும் பி2பி முறை பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது, செயலியில் க்யூஆர் குறியைக் காட்டினால் சேர்ந்துவிடும். அதற்கு முன் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள். ரூட்டரில் யுபிஎன்பி என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எந்தப் பெட்டியும் உங்களைக் கேட்காமல் தனக்கொரு நிரந்தர உத்தரவு எழுதிக்கொள்ள அது இடம் கொடுக்கிறது.

பதிவேட்டைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, வரிகள் நிரந்தரமல்ல. கொஞ்ச நேரம் பேச்சு இல்லாவிட்டால் ரூட்டர் அந்த வரியை அடித்துவிடும். யுடிபி, டிசிபி என்று பொட்டலங்களை அனுப்பும் முறைகள் இரண்டு. யுடிபிக்குப் பல ரூட்டர்களில் அரை நிமிடம் முதல் சில நிமிடம்தான். டிசிபிக்கு 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்று நெறிமுறை சொன்னாலும், எல்லாப் பெட்டிகளும் அதை மதிப்பதில்லை. ரிமோட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினால் திரை உறைந்திருப்பதற்கு இது ஒரு காரணம். வயர்கார்டில் 25 நொடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும்படி வைத்தால் வரி உயிரோடு இருக்கும். இரண்டு, பதிவேட்டில் பக்கங்கள் அளவானவை. விலை குறைந்த ரூட்டரில் சில ஆயிரம் வரிகள்தான் கொள்ளும். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தாலே டஜன் கணக்கில் வரிகள் விழும். யாராவது டோரன்ட் ஓட்டினாலோ, ஒரு கம்ப்யூட்டரில் நச்சுநிரல் இருந்தாலோ பதிவேடு நிரம்பிவிடும். அறிகுறி இப்படி இருக்கும்: ஏற்கெனவே ஓடும் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், புதிதாக எந்தப் பக்கமும் திறக்காது, ரூட்டரை அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும். அப்போது வேகம் போதவில்லை என்று பெரிய பிளானுக்கு மாறுவது வீண் செலவு. எந்த உள் எண் அதிக வரிகளை வைத்திருக்கிறது என்று ரூட்டரில் பாருங்கள்.

தானே புயல், ஃபெஞ்சல் புயல் என்று பார்த்த ஊர்க்காரர்கள் நாம். மழைக்காலத்துக்கு ஒரு 4ஜி டாங்கிளையும் ரூட்டரில் செருகி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஃபைபர் அறுந்து டாங்கிளுக்கு மாறும்போது வெளி எண்ணே மாறிவிடுவதால் பழைய வரிகள் எல்லாம் செத்துவிடும். பாதியில் இருக்கும் தாக்கல் போய்விடும், மறுபடி உள்நுழைய வேண்டும். டாங்கிளில் ஸ்டேடிக் ஐபி வேலை செய்யாது, டெயில்ஸ்கேல் முறை அப்போதும் வேலை செய்யும். முதலில் அதைப் போட்டுப் பார்ப்பேன் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாம் போட்டு முடித்ததும் அலுவலக வைஃபையில் இருந்தபடியே சோதித்துப் பார்க்காதீர்கள். உள்ளிருந்து வெளி எண்ணுக்குப் போய் உள்ளே திரும்புவதைப் பல ரூட்டர்கள் கையாளாது. சரியாக இருப்பதும் தவறாகத் தெரியும். கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். தாளில் எழுதிய அந்த இரண்டு எண்களையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எந்த வழி என்று சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பகுதி போதும், மிச்சத்தை மறைத்துவிடுங்கள்.